ஒரு கிண்டித் தண்ணி

எதிர்வீட்டு ஷம்லா நேத்து தன் பொண்ணை இடுப்புல தூக்கிக்கிட்டு வந்து நின்னா. மொகம் செத்துப் போயிருந்துச்சு. புள்ளைக்கு மூத்திரத்துல சீழ் இருக்காம், ஆஸ்பத்திரியில ஏதோ படம் எடுக்கணும்ங்கறாங்களாம். "ஜமீலாக்கா, உங்க நூருக்கும் சின்ன வயசுல இதே சீக்குதானாமே? கத்தி வெக்காமலேயே சரியாச்சாமே?"னு கேட்டா. உட்கார வெச்சு சாயா குடுத்து எல்லாத்தையும் சொன்னேன். அவ அழுதுக்கிட்டே கேட்டதுல பாதி காதுல விழுந்திருக்காது. அதனால எழுதிக் குடுக்கறேன்.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன் ஷம்லா. சீக்கை மட்டும் தனியா எடுத்து எழுத எனக்கு வராது. அந்த நாளெல்லாம் எனக்கு என் ஓரகத்தி மேல இருந்த பொறாமையோட கலந்து கெடக்கு. மருந்து வேணும்னா பொறாமையையும் சேத்துப் படிச்சுத்தான் ஆகணும்.

ஓரகத்தின்னா ஹலீமா அக்கா. எங்க வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி. அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் மட்டாஞ்சேரி பஜார்ல அரிசிக்கடை வெச்சிருந்தாங்க. நாங்க எல்லாரும் கடைக்குப் பின்னாடி சந்துல ஒரே வீட்ல இருந்தோம். அக்காவுக்குக் கொழந்தை இல்ல. என் ரெண்டாவது பையன் சலீம் பொறந்தப்ப நூருக்கு அஞ்சு வயசு முடிஞ்சிருந்துச்சு. "சின்னவனைப் பாரு, பெரியவளை நான் பாத்துக்கறேன்"னு அக்கா அவளைத் தன் பாயில படுக்க வெச்சுக்கிட்டாங்க. நல்ல மனசுலதான் செஞ்சாங்க. ஆனா நாப்பது நாள் கழிஞ்சும் நூரு என் பாய்க்குத் திரும்பி வரல. தலை பின்ன பெரியம்மா, சோறு ஊட்ட பெரியம்மா, கெட்ட கனவு கண்டா பெரியம்மா. நான் பெத்துக் குடுத்தவ மட்டும்தான். எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரியும்.

அக்கா பொழுது சாயறப்ப தெருப் பொண்ணுங்களுக்குக் குர்ஆன் ஓதிக் குடுப்பாங்க. அஞ்சாறு புள்ளைங்க முக்காடு போட்டுக்கிட்டு வட்டமா உட்காரும். வேதத்தைத் தொடணும்னா ஒளு இருக்கணும்ல, கை, வாய், மூக்கு, மொகம், காலு எல்லாம் கழுவி வரணும். ஒண்ணுக்குப் போயிட்டா அந்த ஒளு முறிஞ்சுடும், மறுபடி கழுவணும். எங்க தெருவுல நல்ல தண்ணிக்குத் தெருக்குழாய் ஒண்ணுதான். கெணத்துத் தண்ணி உப்பு. அதனால ஓதி முடியற வரைக்கும் ஒளு முறியாம இருக்கற புள்ளைக்கு அக்கா ஒரு மரியாதை குடுத்தாங்க. அவங்க பக்கத்துல, குர்ஆன் வெக்கிற மடக்குப் பலகைகிட்ட அந்தப் புள்ளை உட்காரலாம், பக்கம் திருப்பலாம். அந்த எடம் எப்பவும் நூருக்குத்தான். எனக்கு அப்ப அது ஒண்ணும் பெரிசாத் தெரியல. என் புள்ளை அங்கயும் அவங்க பக்கத்துலயே உட்கார்றாளேன்னு எரிச்சல் மட்டும்தான்.

ஒரு நாள் சாயங்காலம் நூருக்கு நடுக்கிக்கிட்டு ஜுரம் வந்துச்சு. ரெண்டு போர்வை போட்டும் பல்லு கிடுகிடுன்னு அடிச்சுது. மலேரியான்னு கம்பவுண்டர் கசப்பு மருந்து குடுத்தாரு. அக்கா தண்ணி ஓதி ஊதிக் குடுத்தாங்க. ஜுரம் இறங்கும், ஏறும். அப்புறம் இடது விலாவுக்குக் கீழ முதுகுல கை வெச்சாலே கத்த ஆரம்பிச்சா. ஒண்ணுக்குப் போறப்ப "எரியுது எரியுது"ன்னு துள்ளினா. மூத்திரம் அரிசி கழுவின தண்ணி மாதிரி கலங்கி இருந்துச்சு. "இது மலேரியா இல்ல, எர்ணாகுளத்துக்குக் கூட்டிட்டுப் போலாம்"னு அக்காதான் முதல்ல சொன்னாங்க. சொன்னது சரிதான். ஆனா நான் சொல்லலியேன்னு எனக்கு ஒரு குத்தல்.

படகுத்துறை ஜெட்டியில போட் ஏறினோம். புள்ளை தலை அக்கா மடியில. நான் எதிர்ல சலீமுக்குப் பால் குடுத்துக்கிட்டு அவங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டே வந்தேன். வெலிங்டன் தீவுகிட்ட பெரிய கப்பல் நின்னுச்சு. "நூரு, கப்பல் பாரு"ன்னேன். அவ கண்ணைத் தொறக்கல. அக்கா அதையே மெல்ல அவ காதுல சொன்னாங்க, தொறந்து பாத்தா.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா மலையாளத்துக்காரங்க, கொஞ்சம் தமிழும் வரும். மூத்திரத்தைக் கண்ணாடிச் சில்லுல வெச்சுப் பாத்துட்டு, "இது மூத்திரக் குழாயில பழுப்பு, அதாவது சீழ். கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு. பொண்ணுங்களுக்கு ரொம்ப சாதாரணமா வர்றதுதான், ஆனா விட்டா கிட்னியைத் தின்னுடும்"னாங்க. சேர்த்துக்கிட்டாங்க. கூட ஒரு ஆள்தான் நிக்கலாம்னு சொன்னதும் நூரு, "பெரியம்மா நிக்கட்டும்"னா. வராந்தாவுல இருந்த அத்தனை பேரும் என்னைப் பாத்த மாதிரி இருந்துச்சு.

"பெத்தவ நான். நான்தான் நிப்பேன்"னேன்.

அக்கா கையை நீட்டி சலீமை வாங்கிக்கிட்டாங்க. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது, சின்னவனும் இப்ப அவங்க கையிலதான்னு. ஆத்திரத்துல கணக்குத் தப்பிடுச்சு. அவங்க வாசல் தாண்டிப் போறதைப் பாத்துக்கிட்டே நின்னேன், பால் கட்டிக்கிட்டு மாரெல்லாம் வலிச்சுது.

வார்டு நாளெல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கும் ஷம்லா, பயப்படாதே. காலையில ஊசி, சாயங்காலம் ஊசி. நடுவுல சல்பா மாத்திரை. அதைப் போட்டா தண்ணி நெறையக் குடிக்கணும், இல்லேன்னா மருந்தே உள்ள கல்லு மாதிரி படிஞ்சுடுமாம். தினமும் காலையில ஒரு பாட்டில்ல மூத்திரம் புடிச்சுக் கட்டில் காலடியில வெக்கணும். அடுத்த கட்டில்ல ரோசம்மான்னு வைப்பின் தீவுக்காரி ஒருத்தி, அவ பையனுக்கும் இதே மாதிரிதான். நாங்க வந்த மறுநாளே அவன் பாட்டில் தெளிஞ்சுடுச்சு. நம்மளுது இன்னும் கலங்கல். சிரிக்காதே, அடுத்தவ புள்ளையோட மூத்திரத்தைப் பாத்துப் பொறாமைப்பட்டவ இந்த மட்டாஞ்சேரியிலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். ரோசம்மா புருஷன் வேற தினமும் மீன் குழம்போட வந்து கட்டில் பக்கத்துல குந்திக்கிட்டுக் கதை சொல்லுவான். எங்க வீட்டுக்காரரு கடை சாத்தினப்புறம் வந்து, "எப்படி இருக்கா?"ன்னு கேட்டுட்டு ஜன்னலைப் பாத்துக்கிட்டு நிப்பாரு. பயத்துலதான் அப்படி நிப்பாருன்னு தெரியும். ஆனா ரோசம்மா முன்னாடி கொஞ்சம் உட்கார்ந்தா என்ன?

அக்கா தினமும் பாக்கற நேரத்துக்கு இடியாப்பமும் தேங்காப்பாலும் எடுத்துக்கிட்டு, சலீமையும் தூக்கிக்கிட்டு போட்ல வருவாங்க. முதல் நாள் சலீம் என்னை விட்டுப் போகமாட்டேன்னு அழுதான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வாரம் ஆகறதுக்குள்ள அவனே அக்கா தோள்ல கையைப் போட்டுக்கிட்டு எனக்கு டாட்டா காட்ட ஆரம்பிச்சுட்டான்.

ஜுரம் விட்டதும் மூத்திரப்பையைப் படம் எடுக்கணும்னாங்க. அதைக் கேட்டுத்தான் நீ அழுதே. அது என்னன்னா, மெல்லிசா ஒரு ரப்பர் குழாயை விட்டு, படத்துல தெரியற மாதிரி ஒரு மருந்துத் தண்ணியை மூத்திரப்பையில நெரப்புவாங்க. நெரம்பினதும் புள்ளை ஒண்ணுக்குப் போகணும், போகறப்பவே படம் எடுப்பாங்க. குழாய் விடறப்ப ஒரு நிமிஷம் கஷ்டம்தான். அதைவிடக் கஷ்டம், புள்ளை அங்க போகணுமே, அதுதான்.

நூரு போகல. வயிறு உருண்டு நிக்குது, மொகமெல்லாம் வேர்வை, உதட்டைக் கடிச்சுக்கிட்டு மேஜையில கெடக்கறா. "போயிடு மோளே"ன்னு டாக்டரம்மா கெஞ்சினாங்க. நர்ஸ் சிஸ்டர் குழாயைத் தொறந்து தண்ணிச் சத்தம் கேக்க வெச்சாங்க. நான் காலைத் தடவினேன். கடைசியில என் காதைப் புடிச்சு இழுத்துச் சொன்னா: "ஒளு போயிடும்மா."

"என்னது?"

"காலையில குழாய்கிட்ட நானே ஒளு எடுத்துட்டேன். பெரியம்மா லுஹருக்கு எடுத்த ஒளுவுலயே இஷா வரைக்கும் தொழுவாங்க. நானும் வீட்ல அப்படித்தான் இருப்பேன். தண்ணி குடிக்காம இருந்தா முடியும்."

மத்தியானத் தொழுகையிலேர்ந்து ராத் தொழுகை வரைக்கும்! ஆறு வயசுப் புள்ளை, அந்தப் பலகைப் பக்கத்து எடத்துக்காகத் தண்ணி குடிக்காம, ஒண்ணுக்குப் போகாம, தினமும் அடக்கி வெச்சிருக்கா. "போயிடுடி தங்கம், நான் உனக்கு மறுபடி ஒளுவுக்குத் தண்ணி ஊத்தறேன், சத்தியமா ஊத்தறேன்"னேன். அழுதுக்கிட்டே போனா. படம் எடுத்துட்டாங்க.

உண்மையைச் சொல்லணும்னா, அந்த அறையை விட்டு வெளிய வந்தப்ப எனக்குப் பயத்தைவிடப் பெரிசா வேற ஒண்ணு இருந்துச்சு. கெடச்சுடுச்சுன்னு ஒரு குதூகலம். இத்தனை நாளா அவங்க மேல குத்தம் சொல்ல ஒரு துரும்பு கிடைக்காம தவிச்சவளுக்கு ஒரு உலக்கையே கையில கெடச்சிருக்கு.

படத்தை டாக்டரம்மா வெளிச்சத்துல புடிச்சுக் காட்டினாங்க. கிட்னியிலேர்ந்து மூத்திரம் ஒரு குழாய் வழியா கீழ பைக்கு எறங்கணும், எறங்கினது திரும்ப மேல போகக்கூடாது. அதுக்கு அங்க ஒரு மூடி மாதிரி இருக்குமாம். நூருக்கு இடது பக்கம் அது சரியா மூடல. ஒண்ணுக்குப் போகறப்பல்லாம் கொஞ்சம் மேல ஏறி, அப்புறம் கீழ வந்து பையிலயே தங்கிடுது. தேங்கின தண்ணியில புழு வர்ற மாதிரிதான், சீழ் புடிக்குது. "கொஞ்ச மாசம் மருந்துலயே பாப்போம். தினமும் ராத்திரி ஒரு மாத்திரை. மணி பாத்து ஒண்ணுக்குப் போகணும், வந்தாலும் வராட்டாலும். போனப்புறம் கொஞ்சம் நடந்துட்டு மறுபடி போகணும், மேல ஏறினது எறங்கி வந்திருக்கும்ல, அதையும் வெளிய தள்ளணும். அடக்கவே கூடாது. அப்புறம் மறுபடி படம். அப்பவும் ஏறுதுன்னா மெட்ராஸுக்கு அனுப்பி ஆபரேஷன்தான்"னாங்க. அவங்க எங்க வீட்டுக்காரர்கிட்டயும் மலையாளத்துல என்னமோ ரொம்ப நேரம் சொன்னாங்க. நான் எங்க கேட்டேன்? ஆபரேஷன்ங்கற வார்த்தைக்கப்புறம் என் காது அடைச்சுக்கிச்சு.

அன்னைக்கு அக்கா தூக்குச்சட்டியோட வந்ததும் வார்டே கேக்கற மாதிரி ஆரம்பிச்சேன். "உங்க ஒளுவும் உங்க ஓதலும்தான் என் புள்ளையை இங்க கொண்டாந்து போட்டிருக்கு. தண்ணி குடிக்காம, ஒண்ணுக்குப் போகாம அடக்கி வெச்சிருக்கா, உங்க பக்கத்துல உட்காரணும்னு. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, ஒண்ணுக்குப் போனியாம்மான்னு கேட்டிருப்பீங்களா? பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்!"

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்ல நான் நெனைக்கல. அதுவா வந்துச்சு. ரோசம்மா சட்டுன்னு மொகத்தைத் திருப்பிக்கிட்டா. அக்கா தூக்குச்சட்டியைக் கீழ வெச்சுட்டுக் கட்டில் ஓரத்துல உட்கார்ந்தாங்க. நூரு காலைப் போர்வையால மூடிவிட்டுட்டு, சலீமைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க.

மறுநாள் அவங்க வரல. புள்ளை முழுசா எனக்கே எனக்குன்னு நான் தலையை நல்லா எண்ணெய் வெச்சுப் பின்னிவிட்டேன். அவ செவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா. மணி பாத்து ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போனா ஒரு தடவ போவா, ரெண்டாவது தடவ போகவேமாட்டா. கெஞ்சினேன், கதை சொன்னேன், முட்டாய் காட்டினேன், ஒண்ணும் நடக்கல. "ஒளுவுக்கு ஊத்தறேன்னியே"ன்னு கேட்டா. செம்புல ஊத்தினேன். "இப்படி இல்ல, பெரியம்மா ஊத்தற மாதிரி"ன்னு கையை இழுத்துக்கிட்டா. சிஸ்டர் வந்து, "இப்படியே பாதி உள்ளயே நின்னா மறுபடி குழாய் வெக்க வேண்டி வரும் சேச்சி"ன்னாங்க. மறுநாள் காலையில பாட்டில் மறுபடி கலங்கிப் போயிருந்துச்சு. மெட்ராஸ் என் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. வாசலையே பாக்க ஆரம்பிச்சேன். யாரைப் பாக்கறேன்னு எனக்கே தெரிஞ்சதும் என் மேலேயே கோவம் வந்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் அக்கா வந்தாங்க. கையில தூக்குச்சட்டியோட எங்க வீட்டு வெண்கலக் கிண்டி. மூக்கு வெச்ச செம்பு, மூக்கு வழியா தண்ணி மெல்லிசா விழும், ஒளுவுக்குன்னே வெச்சிருந்தாங்க. என்னைப் பாக்கல. நேரா நூருகிட்ட போய் உட்கார்ந்தாங்க.

"நூரு, நேத்து ஓதல்ல ஒரு புதுச்சட்டம் போட்டேன். அடக்கி வெச்சுக்கிட்டு ஓதினா மனசு ஓதல்ல இருக்காது, ஒண்ணுக்குலதான் இருக்கும். மார்க்கமே அது கூடாதுங்குது. எனக்குத் தெரிஞ்சும் உங்களுக்கெல்லாம் சொல்லாம விட்டது என் தப்பு. அதனால இனிமே யாரு நாளைக்கு அதிகமா ஒளு எடுக்கறாங்களோ அவங்கதான் என் பக்கத்துல."

நூரு எழுந்து உட்கார்ந்தா. "அதிகம்னா?"

"ஒண்ணுக்குப் போகணும், ஒளு எடுக்கணும். கொஞ்சம் நடந்துட்டு வந்து மறுபடி போகணும், மறுபடி எடுக்கணும். நேத்தைக்கு எதிர்சந்து ஆமினா அஞ்சு தடவ."

"அஞ்சுதானா?"ன்னு நூரு கட்டில்லேர்ந்து குதிச்சா. "ஊத்துங்க பெரியம்மா."

அக்கா எழுந்து கிண்டியை என் கையில குடுத்தாங்க. "நான் எப்படி ஊத்தறது? நான் போட்டைப் புடிக்கணும். உங்கம்மாதான் ஊத்துவா. ஜமீலா, மூக்கைச் சாச்சுப் புடி, மணிக்கட்டுலேர்ந்து விரலுக்கு ஓடணும். எத்தனை தடவன்னு நாளைக்கு வந்து உன்னைத்தான் கேப்பேன்."

அன்னைக்குலேர்ந்து அந்த வார்டு குழாயடி எங்களுதாயிடுச்சு. தரையெல்லாம் நனையுதுன்னு சிஸ்டர் முதல்ல ஏசினாங்க. பாட்டில் தெளிய ஆரம்பிச்சதும் அவங்களே ஒரு பழைய சாக்கைக் கொண்டாந்து போட்டாங்க. ஒரு தடவ ஒண்ணுக்கு, ஒரு ஒளு. வராந்தாவுல என் விரலைப் புடிச்சுக்கிட்டு ஒரு நடை. மறுபடி ஒண்ணுக்கு, மறுபடி ஒளு. தண்ணி ஊத்தறப்ப அவ என் மொகத்துக்குக் கிட்ட வந்து, "அம்மா, ஆமினாவை முந்திட்டேன்ல?"ன்னு குசுகுசுப்பா. எத்தனையோ மாசத்துக்கப்புறம் அவ மூச்சு என் கன்னத்துல பட்டுச்சு. சொர்க்கம்தான். ஆனா ஊத்தறப்பல்லாம் ஒண்ணு உறுத்தும்: இது எனக்கு ஏன் தோணல? குடுத்தவங்களும் அவங்கதானே.

வீட்டுக்கு வந்தோம். மாத்திரை மாசக்கணக்கா ஓடிச்சு. நூரு தண்ணி தண்ணின்னு குடிப்பா, ஒளு ஒளுன்னு எடுப்பா, தெருக்குழாயில நின்னு குடம் குடமா சுமந்தது அக்கா. தெருப் பொம்பளைங்க, "உங்க வீட்ல என்ன கல்யாணமா, இவ்வளவு தண்ணி?"ன்னு கேலி பண்ணுவாங்க. நான் ஒரு நாளும் என் பேச்சைத் திருப்பி எடுத்துக்கல. அவங்களும் கேக்கல. மறுபடி படம் எடுக்கற நாள் நெருங்கறப்ப எனக்கும் சோறு எறங்கல, அவங்களுக்கும் எறங்கல.

படம் எடுத்தாங்க. இந்தத் தடவ நூரு சிரிச்சுக்கிட்டே போனா. டாக்டரம்மா வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, "ஏறல. ஆபரேஷன் வேண்டாம்"னாங்க. நான் அவங்க கையைப் புடிச்சுக்கிட்டேன். அவங்க, "பிறவியிலயே அந்த மூடி கொஞ்சம் தளர்வு. இவ வளர வளர அதுவும் இறுகுது. அடக்கினதால வந்ததில்ல, அடக்கினது அதைக் கூட்டிடுச்சு, அவ்வளவுதான். நான் அன்னைக்கே உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே?"ன்னாங்க.

பிறவியில. அப்படின்னா என் வயித்துல இருக்கறப்பவே வந்தது.

திரும்பி வர்ற போட்ல நூரு எங்க நடுவுல படுத்துத் தூங்கிட்டா. தலை அக்கா மடியில, காலு என் மடியில. கிண்டி என் பையில. வெலிங்டன் தீவு தாண்டினதும் நான்தான் கேட்டேன். "டாக்டரம்மா சொன்னது கேட்டீங்களா அக்கா? பிறவியிலயே இருந்ததாம்."

"தெரியும். நீ என்னைத் திட்டின அன்னைக்குத் திரும்பிப் போறப்பவே சிஸ்டர் வாசல்ல வெச்சுச் சொன்னாங்க."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லல? இத்தனை மாசமா எல்லாத்தையும் உங்க தலையில போட்டுக்கிட்டு?"

அக்கா நூரு முடியை ஒதுக்கிவிட்டுக்கிட்டே இருந்தாங்க. "புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா பெத்தவளைத்தானே ஜமீலா எல்லாரும் திட்டுவாங்க? என்னை அதுவரைக்கும் யாரும் அப்படித் திட்டினதில்ல. கொஞ்ச நாள் இருக்கட்டும்னு வெச்சுக்கிட்டேன்."

திட்டைக்கூட ஒருத்தி இப்படிப் பத்திரப்படுத்தி வெச்சுக்குவாளா? அதுலயும் எனக்கு ஒரு பொறாமை வந்துச்சு பாரு, அல்லாவே, என் மனசை என்னன்னு சொல்ல. நூரு காலை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன்.

மட்டாஞ்சேரி ஜெட்டி தெரியறப்ப நூரு முழிச்சா. கண்ணைக் கசக்கிக்கிட்டு மேல பாத்து, "பெரியம்மா, ஒண்ணுக்கு வருது"ன்னா.

அக்கா அசையல. "உங்கம்மாகிட்ட சொல்லு"ன்னாங்க. "கிண்டி அவகிட்டதான் இருக்கு."